'ஆளி' என்று முடியும் சொற்கள்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அறுபதுகளின் கடைசியில், முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போன முதல் வருடம், பயப்படுவதுதான் என் முழுநேர வேலை. பஸ் தவறிவிடுமோ என்று பயம். தலைமையாசிரியை செருமினால் பயம். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் கேட்கும் சிரிப்புக்குப் பயம். வேலை நிரந்தரமாகவில்லை. நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் முகம் சுளித்தால் போதும், மறுநாள் ஊரில் களை பறித்துக்கொண்டிருப்பேன்.

பிள்ளைகள் பெரும்பாலும் நெசவு வீட்டுப் பிள்ளைகள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் சொல்வதை எழுதச் சொன்னால் வாயில் வருகிறபடியே எழுதிவைப்பார்கள். 'தொழிலாளி' அவர்கள் கையில் 'தொயிலாலி' ஆகிவிடும். நூறு முறை எழுது என்று இம்போசிஷன் கொடுத்தால், நூறு முறையும் தப்பாகவே எழுதிக்கொண்டு வந்து பெருமையாக நீட்டுவார்கள். அதனால் நான் சொற்களைப் பிரித்துக் காட்டத் தொடங்கினேன். 'ஆள்' என்ற சின்னச் சொல் எல்லோருக்கும் தெரியும், அதில் வருவது எந்த 'ள்' என்பதும் தெரியும். ஒன்றை ஆள்பவன், உடையவன் ஆளி. தொழிலை உடையவன் தொழிலாளி. நோயை உடையவன் நோயாளி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒரு கூட்டம் சொற்களைத் தப்பில்லாமல் எழுதலாம், அர்த்தமும் கூடவே வந்துவிடும்.

ஏழாம் வகுப்பில் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் இருந்தாள். நான் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்கிவிடுவாள். அன்றைக்கு 'முதலாளி' என்று எழுதி, முதல் என்றால் தொழிலுக்குப் போடும் பணமும் பொருளும், அதை உடையவன் முதலாளி என்று சொன்னேன். அவள் எழுந்தாள்.

"டீச்சர், தறி எங்களுது. தறிக்குழி எங்க ஊட்லதான் இருக்குது. நெய்யறதும் எங்கப்பாதான். அப்போ எங்கப்பாவும் முதலாளிதானே?"

வகுப்பு அதிர்ந்தது. "எங்க நைனாவும் முதலாளி!" என்று ஒருவன் பெஞ்சைத் தட்டினான். ஆளுக்கு ஆள் தங்கள் அப்பாக்களுக்குப் பட்டம் கட்டினார்கள். பாடம் மண்டையில் ஏறிவிட்டது என்று எனக்கும் ஒரு நிமிடம் பூரிப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் கடைசி வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை மகளைப் பார்த்தேன்.

அவள் அப்பா கணக்கு எழுதியது இந்தப் பிள்ளைகளின் தெருக்களில் பாதித் தறிகளுக்கு வேலை கொடுத்த பட்டு முதலாளியிடம். தறி நெசவாளியுடையதாக இருந்தாலும், பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொண்டுபோனால் கூலி கிடைக்கும். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பட்டிழைகளைப் பாவு என்பார்கள். பாவு முதலாளி வீட்டிலிருந்து வந்தால்தான் அடுப்பு எரியும். அவரே எங்கள் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். தெருமுனையில் நெசவாளர் சங்கக் கொடி ஏறியிருந்த நேரம் வேறு. கூலியைப் பற்றிப் பேசியவர் வீட்டுக்குப் பாவு வராமல் போன கதைகளை எங்கள் ஆசிரியைகள் சாப்பாட்டு நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கணக்குப்பிள்ளை மகள் வீட்டில் சொல்லியிருப்பாளா? டீச்சர் வகுப்பில் சங்கம் நடத்துகிறாள் என்று யாராவது கிளப்பிவிட்டால்? பள்ளி வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள், கேள்வி கேட்ட அந்தப் பெண் தானாகவே சொன்னாள். "தறி சும்மா இருக்குது டீச்சர். பழைய பாவு முடிஞ்சிபோச்சி, புதுசு இன்னும் வர்ல." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் நடத்திய பாடத்தால் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் விழுந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

பள்ளி விட்டதும் குடையைப் பிடித்துக்கொண்டு முதலாளி கடைக்குப் போனேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. வெள்ளை விரிப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை.

"வாம்மா டீச்சரு. சேலை பாக்க வந்தியா?"

"ஐயா, அந்தப் பொண்ணு ஒண்ணும் தெரியாம கேட்டுட்டா. சின்னப் பொண்ணு. தப்பு எம்மேலதான். அவங்க அப்பாவுக்குப் பாவு குடுக்காம நிறுத்திடாதீங்க" என்று மூச்சு விடாமல் கொட்டினேன். யார் வீடு, எந்தத் தெரு என்பதையும் சேர்த்தே கொட்டினேன்.

அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். "இன்னா கேட்டா?" என்றார் முதலாளி.

அவருக்கு எதுவும் தெரியாது. அந்தக் கணத்தில் தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஆரம்பித்துவிட்டேன், முடிக்காமல் விடமாட்டார் போலிருந்தது. குரல் தேயத் தேயச் சொல்லி முடித்தேன்.

"பாவு மழைக்கு நிக்குதும்மா" என்றார். "சாயம் போட்ட நூலு காயலன்னு சாயக்காரன் சொல்லிக்கினு இருக்கறான். இந்த மழையில தெருவுல பாவு விரிக்க முடியுமா?"

காஞ்சிபுரத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. எங்கள் முசரவாக்கத்தில் மழை என்றால் நாற்று, நடவு. எனக்கு எப்படித் தெரியும்?

"நல்லாதான் கேட்டிருக்குது. அவன் பொண்ணா அது?" என்று சொல்லிச் சிரித்தார். அது எந்த வகைச் சிரிப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெயில் வந்தது. பாவும் வந்தது. அந்தப் பெண் பள்ளிக்கு வருவது நின்றது.

பொறுக்க முடியாமல் வீட்டுக்கே போனேன். அப்பா தறியில் இருந்தார். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று நெய்யும் சேலைக்கு, நெய்பவர் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து குறுக்கிழை ஓட்டும் நாடாவை எறிய வேண்டும். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாவு கொண்ணாந்த கணக்குப்பிள்ளை சொன்னாரும்மா" என்றார் அப்பா. "'உம் பொண்ணு நல்லா கேள்வி கேக்குதாமே, முதலாளி சொன்னாரு'ன்னாரு. அவ்ளோதான்."

"பாராட்டித்தான் சொல்லியிருப்பாரு."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். எனக்குப் பயமா இருக்குதும்மா." பிறகு வாசலை எட்டிப் பார்த்தார். "நீங்க இங்க நிக்கறத யார்னா பாத்தாக்கா இன்னும் வம்பு. போய்டுங்கம்மா."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். படியில் உட்காரக் கூடாது என்பது தெரியும். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், முழங்கால் நடுங்கி நிற்க முடியவில்லை. உட்கார்ந்த பிறகுதான், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"நாளைக்கு அனுப்புறேன்னு சொல்லுங்க. இல்லன்னா தினமும் வந்து இங்கயே உக்காருவேன்" என்றேன். என் வாயா இப்படிப் பேசுகிறது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் தெருவைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எந்தப் பயம் பெரியது என்று நிறுத்துப் பார்த்தார் போலும். "அனுப்பறேம்மா. மொதல்ல நீங்க எழுந்திரிங்க."

மறுநாள் வந்தாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில், யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு சொல்லாகத் தேடி, 'விருந்தாளி' என்று பலகையில் பெரிதாக எழுதினேன். "யார் பிரிச்சுச் சொல்றீங்க?" என்று திரும்பினேன். ஒரு கைகூட மேலே இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

எழுந்து நின்றாள். கடைசி வரிசையில் கணக்குப்பிள்ளை மகளை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "தெரியல டீச்சர்" என்றாள்.

அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான் அது.

"உட்காரும்மா" என்றேன்.