டெல்மர் விட்டுவைத்த ஓரம்

டிராக்டரை உறுமவிட்டு டெல்மர் ஸ்டாம்பர் இறங்கிவிட்டார். கையில் மண்வெட்டிக் காம்பு. இடுப்புயரப் புல்லை இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டு முன்னே நடக்கிறார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து ஏறி, தட்டின இடத்தை மட்டும் வெட்டுகிறார். மறுபடியும் இறங்குகிறார். மற்றவன் மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்கிற வயல் இவருக்குப் பொழுது சாயும்வரை போகும்.

கென்டக்கி மலையின் இந்த மடிப்பில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற புதர்வெட்டி இவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. அதனால் வேறு வழியில்லாமல் இவரையே கூப்பிடுகிறார்கள். வெட்டி முடித்த வயலைப் பார்த்தால், குடித்துவிட்டு வந்த நாவிதன் கை வைத்த தலைதான். ஓரம் முழுக்க முள், நடுவில் இரண்டு திட்டுப் புதர்.

"ஏம்ப்பா, பாதித் தலைய சிரைக்காமலே போறியே?" என்பார் பக்கத்து வயல் ஆர்வில்.

"அது பொம்பள இருக்கற எடம். கதவத் தட்டாம உள்ள போற பழக்கம் நமக்குக் கெடையாது."

பொம்பளை என்பது காட்டு வான்கோழிப் பெட்டை. கூடு என்று அது எதையும் கட்டாது. முள்ளுக்கடியில் ஏதாவது ஒன்றை முதுகுக்கு அண்டக்கொடுத்து, சருகைக் கொஞ்சம் கிளறி முட்டையிட்டு உட்கார்ந்துவிடும். தலையைத் தூக்கினால் ஊர் தெரிய வேண்டும், தாழ்த்தினால் ஊருக்கு அது தெரியக் கூடாது. அந்த மாதிரிப் புதர்தான் அதற்கு வேண்டும். அடை உட்கார்ந்த புதிதில் யாராவது கிளப்பிவிட்டால் முட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனாலும் போய்விடும். நாளாகிவிட்டால் வெட்டுக்கத்தி தலைக்குமேல் வந்தாலும் எழுந்திருக்காது. இரண்டுமே வம்பு.

இதை வைத்து அவரைக் கொல்லாமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஏப்ரலில் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டால், விடிவதற்குள் அதே முள்ளுக்குள் துப்பாக்கியோடு குந்தியிருப்பார். "முட்டைக்கு நான் காவக்காரன். நெஞ்சுல தாடி மொளச்சிட்டா, அந்தச் சேவலுக்கும் எனக்கும் வேற பேச்சு." வயசுக்கு வந்த சேவலின் நெஞ்சில் தாடி மாதிரி ஒரு மயிர்க்கற்றை தொங்கும்.

அவரிடம் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் ஒரு துணி கிடையாது. கைக்குட்டைகூடக் காய்ந்த இலை நிறம். வசந்தத்தில் சேவலின் தலை அந்த மூன்று நிறத்திலும் ஜொலிக்கும். அந்த நிறத்தில் எது அசைந்தாலும் சுட்டுவிட்டுத்தான் யோசிக்கிற ஆட்கள் காட்டில் உண்டு. டெல்மர் தலையில் எப்போதும் ஒரு மண்ணிறத் தொப்பி. அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. ஜெபத்தின்போது ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பதால், தேவாலயத்தில் ஜெபம் தொடங்கினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பாதிரியார் கேட்டதற்கு, "எனக்குக் காத்து வேணுங்க" என்றாராம்.

அவருடைய அண்ணன் ஹோபர்ட்டும் இதே பைத்தியம். மூடியைத் தேய்த்தால் பெட்டையின் குரலில் கத்தும் மரப்பெட்டி ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே புதரின் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்து பெட்டியைத் தேய்த்தார்கள். இந்தப் பக்கம் பெட்டை கூப்பிட, அந்தப் பக்கம் பெட்டை பதில் சொல்ல, பெட்டை இருந்தால் சேவல் வராமலா போகும் என்று இருவரும் முள்ளுக்குள் தவழ்ந்தார்கள். நடுவில் மூக்கும் மூக்கும் இடித்தது.

"அட, நீதானா அந்தப் பொட்ட?" என்றார் ஹோபர்ட். சாகும்வரை அவர் ஒரு வான்கோழியும் சுட்டதில்லை.

அவர் போனபிறகு, மனைவி ஓபல் ஓஹாயோவில் மகள் வீட்டோடு போய்விட்டார். குடும்பக் கல்லறைத் தோட்டம் டெல்மர் பொறுப்பு. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, சொந்தமெல்லாம் கூடிப் பூ வைத்து, ஜெபம் பண்ணி, அங்கேயே மேசை போட்டுச் சாப்பிடுவார்கள். அன்றைக்கு ஒருவர் கல்லறைமேல் முள் கிடந்தால் அவர் நாதியற்றவர் என்று அர்த்தம்.

இந்த வருஷம் துப்புரவாக்கப் போனவர், தோட்டத்தின் கடைசி வரிசையில், போன முறை வழக்கம்போல் தானே விட்டுவைத்த ஓரத்துக்கு வந்தார். ஹோபர்ட்டின் கல்லை முள் பாதிக்குமேல் மூடியிருந்தது. காம்பை நீட்டினார். சருகுக்குள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது. காம்பை மெல்ல இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்துவிட்டார்.

ஞாயிறன்று ஓபல் வந்து இறங்கினார்.

"டெல்மர், உங்கண்ணன் எங்க?"

"இருந்த எடத்துலதான் இருக்காரு அண்ணி."

"முள்ளுதான் தெரியுது, ஆளக் காணோமே. நான் அந்தப் பக்கம் போனதும் அனாதையாக்கிட்டியா? எல்லார் முன்னாடியும் என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"சத்தம் போடாம குனிஞ்சு பாருங்க. கல்லுக்கு வலது பக்கம்."

"எலதான் கெடக்கு."

"அந்த எலைக்குக் கண்ணு இருக்கு பாருங்க."

ஓபல் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "விடியறதுக்குள்ள என்னத் தனியா விட்டுட்டு இதுங்க பின்னாலதானே ஓடினாரு. ஒரு நாளாச்சும் ஒண்ணு கிட்ட வந்துச்சா?"

"இப்ப வந்துருச்சே."

"வந்ததுமில்லாம மடியிலயே உக்காந்துக்கிச்சு." வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சோள ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஆர்வில் அரிவாளோடு வந்தார். "நான் வேணா வெட்டிவிடட்டுமா?"

"கை வெச்சுப் பாரு, ஒடிச்சுடறேன். இது எங்க குடும்ப விஷயம்" என்றார் ஓபல்.

பிறகு பையிலிருந்து ஒரு பூங்கொத்தை எடுத்து, எட்டத்தில் நின்றபடியே புதரின் வெளிக்கொம்பில் மாட்டினார். பிளாஸ்டிக் பூ. சிவப்பு, வெள்ளை, நீலம். காற்றில் தலையாட்டியது.

டெல்மர் திரும்பிப் பார்த்தார். கீழே சாலையில் ஒரு பிக்கப் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் துப்பாக்கிக் குழாய் தெரிந்தது. வேட்டைக் காலம் இன்னும் முடியவில்லை.

"அண்ணி, அந்த நெறம் வேணாம். ரோட்டுலேர்ந்து பாத்தா சேவல் தலைதான். எவனாவது சுட்டுத் தொலைச்சுடுவான்."

"கல்லுதான் தெரியல, பூவும் இருக்கக் கூடாதா? அவருக்கும் ஆளிருக்குன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

அதற்குள் பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். வழக்கமாக டெல்மர் வண்டிக்குப் பின்னால் போய்விடுகிற நேரம். எல்லோரும் அவர் நகர்வதற்காக வழிவிட்டார்கள்.

அவர் புதர்ப் பக்கம் போனார். தொப்பியைக் கழற்றினார். வெயில் படாத வழுக்கை முட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. தொப்பியைப் பூங்கொத்தின்மேல் கவிழ்த்து, ஒரு இதழும் வெளியே தெரியாதபடி விளிம்பைச் சுற்றிலும் இழுத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தலையைக் குனிந்து நின்றுகொண்டார்.