இஞ்சிக்கும் மூச்சு உண்டு

கடல் வழியாகக் குளிர்ந்த சரக்கு அனுப்புகிற தொழிலில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் நிம்மதி, நின்றுபோனால்தான் ஓட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கொல்கத்தாவின் கிதிர்பூர் துறைமுக யார்டில் கேட்ட அந்த ரீங்காரம் இன்னும் என் காதில் இருக்கிறது. ரீஃபர் என்று நாங்கள் சொல்லும் குளிரூட்டும் கன்டெய்னர்கள், பிளக் செருகப்பட்டு வரிசையாக நின்று, ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. தம்பூராக் கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கிக்கொண்டு கப்பல் ஏஜென்சியில் படிவம் நிரப்ப வந்தவளுக்கு அந்த வயதில் எல்லாமே தம்பூராதான்.

முப்பத்திரண்டு வருடம் படிவம் நிரப்பினேன். உங்களில் யாராவது இப்படி நாற்காலி தேய உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் இறாலுக்கும் மீனுக்கும் கவலைப்பட்டவராக இருந்தால், என்னோடு சேர்ந்து சிரிக்கலாம். ஆனால் என் பேனாவின் ஒரு டிக்கினால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. அதைச் சொல்லத் தைரியம் வர வேண்டும் என்றுதான் முதலில் மற்றவற்றைச் சொல்கிறேன். இதில் வருகிறவர்கள் பேசியது வங்காளம். என் வாயில் அது தமிழாகிறது.

நதி இரங்காத நாள்

கொல்கத்தா நதித் துறைமுகம். கங்கையில் தண்ணீர் ஏறினால்தான் கப்பல் உள்ளே வரும். சேர்ந்த மூன்றாம் மாதம் தண்ணீர் ஏறவில்லை. கப்பல் கீழே எங்கோ காத்துக்கொண்டிருந்தது. உறைந்த இறால் யார்டில் நின்றது. மலேசியாவில் வாங்குகிறவருக்குத் தாமதத்தைத் தெரிவிக்கச் சொன்னார்கள்.

எழுத எனக்குக் கிடைத்த முதல் கடிதம். விடுவேனா? நிலவின் இழுப்பு, நதியின் மனநிலை, காத்திருப்பின் மௌனம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி ஃபேக்ஸில் விட்டேன். எழுதியதை நானே மூன்று தடவை படித்துக் கண் கலங்கினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அதை அப்போதிருந்த மேனேஜர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்: “நதியின் நலம் அறிந்து மகிழ்ச்சி. என் இறால் எங்கே?”

மாமனார்

ஹால்தார்பாபு உறைந்த சிங்காடா அனுப்புகிறவர். நம் சமோசாவுக்கு வங்காளத்துத் தம்பி அது. துர்கா பூஜைக்கு முன்னால் வெளிநாட்டு வங்காளிகள் அதற்காக ஏங்குவார்கள். முதல் தடவை சிங்காடாவைப் பாதி உறைந்த நிலையிலேயே பெட்டியில் ஏற்றப் பார்த்தார். “மீதி கப்பல்ல உறைஞ்சுக்கும் தீதி” என்றார். தீதி என்றால் அக்கா. நான் போனிலேயே அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். ரீஃபர் எதையும் உறைய வைக்காது, கொடுத்த குளிரைக் காப்பாற்றும், அவ்வளவுதான். சூட்டோடு கொடுத்தால் அது திணறும். நடுவில் கீட்ஸையோ யாரையோ இழுக்கவில்லை என்பது மட்டும் என் பெருமை.

  எல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சோடு சொன்னார்: “புரிஞ்சுது தீதி. இது ஃபிரிட்ஜ் இல்லை, என் மாமனார். நான் எப்படிப் போறேனோ அப்படியே திருப்பி அனுப்புவார்.”

பாடிய பெட்டி

தபன்தா யார்டில் ரீஃபர்களுக்குப் பிளக் போடுகிறவர், டிகிரி பார்க்கிறவர். ‘தா’ என்றால் அண்ணன்; அவரோ என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் ஊருக்கே தபன்தா, அதனால் எனக்கும். கான்ட்ராக்ட் ஆள். வருடா வருடம் கேட் பாஸ் புதுப்பித்தால்தான் வேலை. மேலே யாராவது முகம் சுளித்தால் பாஸ் கிடையாது. அவர் வீட்டில் அந்த ஒரு பாஸை நம்பி ஐந்து பேர் இருந்தார்கள்.

படிவம் கொடுக்க யார்டுக்குப் போனால் நான் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். ஒருநாள் கடைசி வரிசையில் ஒரு பெட்டி மட்டும் தனியாக, மெல்லிய கமகத்தோடு, மேல் ஸ்தாயியில் இழைந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தபன்தாவைக் கூப்பிட்டு, இவ்வளவு அழகாக ஒரு பெட்டி பாடி நான் கேட்டதில்லை என்றேன். அவர் பாய்ந்து போய்ப் பெட்டியின் மேல் காதை வைத்தார். கையிலிருந்த மண்கோப்பைத் தேநீர் தரையில் கொட்டியது. “ஐயோ தீதி, அது பாடலை. ஃபேன் பேரிங் தேஞ்சு கத்துது!”

டிக்

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் இருந்தது. ஹால்தார்பாபு சிங்காடாவில் கண்ட லாபத்தில் துபாய்க்கு இஞ்சி அனுப்பக் கிளம்பினார். இங்கேதான் தொழில் தெரிந்தவர்கள் உஷாராவார்கள். உறைந்த சரக்கு செத்த சரக்கு. பெட்டியின் காற்று ஜன்னலை மூடிவிடலாம். இஞ்சியை உறைய வைப்பதில்லை, சில்லென்று மட்டும் வைப்போம். அதற்கு உயிர் உண்டு. ஜன்னல் திறந்திருந்தால்தான் வழியெல்லாம் மூச்சு விடும். படிவத்தில் டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம்: திறந்து, மூடி. முப்பத்திரண்டு வருடமாக இறாலுக்கும் மீனுக்கும் ‘மூடி’யில் டிக் போட்டே பழகிய கை. டிகிரியைச் சரியாகப் பதின்மூன்று என்று எழுதியது. அடுத்த நொடி, தன் வழக்கப்படி, ‘மூடி’யில் ஒரு டிக் போட்டது.

யார்டிலிருந்து தபன்தா போன் செய்தார். “தீதி, இஞ்சிக்கு ஜன்னலை மூடச் சொல்லியிருக்கீங்க. அதுக்கு மூச்சு வேண்டாமா?”

மேஜையில் தேநீர் இருந்தது, மடியில் ஒரு புத்தகம் இருந்தது. கதாநாயகி தற்கொலை செய்துகொள்ளும் பக்கம். யார்டில் பிளக் போடுகிறவர் எனக்குப் பாடம் சொல்வதா என்றும் மனதின் ஒரு மூலையில் இருந்திருக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன். “காகிதத்தில இருக்கிறபடி செய்யுங்க தபன்தா” என்றேன்.

 போனில் அவருக்குப் பின்னால் பெட்டிகள் முனகுவது கேட்டது. “சரி தீதி. நீங்க படிச்சவங்க.”

மூன்று நாள்

துபாயில் கதவைத் திறந்தவர்கள் போட்டோ அனுப்பினார்கள். இஞ்சி மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். ஹால்தார்பாபு ஆபீஸுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், தேநீரைத் தொடவில்லை. ஜன்னலை மூடியது யார் என்று மேனேஜர் கேட்டார். மூடியது தபன்தாவின் கைதான். கேள்விக்கு அது சரியான பதில். தப்பான கேள்வி என்பது எனக்கு மட்டும் தெரியும். தபன்தாவை மேனேஜரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. என் டிராயரில் படிவத்தின் நகல் இருந்தது.

முதல் நாள் டிராயரைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்து மூடினேன். இரண்டு ராத்திரியும் காளிகாட் வீட்டில் என் ஃபிரிட்ஜ் முனகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நாவலில் இப்படி ஒருத்தி வந்தால் அவளைப் பற்றி ஓரத்தில் பென்சிலால் கோழை என்று எழுதியிருப்பேன். மூன்றாம் நாள் நகலை எடுத்துக்கொண்டு போய் மேனேஜரின் மேஜையில் வைத்து, “டிக் என்னுடையது. தபன்தா போன் பண்ணிக் கேட்டார், நான்தான் மூடச் சொன்னேன்” என்றேன். மனதுக்குள் ஒரு பெரிய வாக்குமூலத்துக்குத் தயார் செய்து வைத்திருந்த மற்ற வாக்கியங்களுக்கு வேலையே வரவில்லை.

மேனேஜர் நகலைப் படித்தார். அழகாக நான்காக மடித்து என்னிடமே நீட்டினார். “மூணு மாசத்துல ரிடையர் ஆகப்போறீங்க மேடம், இதை வீட்டுக்குக் கொண்டுபோங்க. அவன் பாஸை அன்னைக்கே திருப்பி வாங்கியாச்சு, இன்னிக்குக் காலையில புது ஆள் வந்தாச்சு.”

அதற்குப் பிறகு துபாய்க்கும் ஹால்தார்பாபுவுக்கும் என் கைப்பட எழுதினேன். நதி இல்லை, நிலவு இல்லை; தப்பு என்னுடையது என்று இரண்டே வரி. முப்பத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய நல்ல கடிதம் அதுதான். பாஸ் திரும்பி வரவில்லை.

போட்டோ

ஓய்வு பெற்ற மறுவாரம் தபன்தாவின் விலாசம் விசாரித்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சிக்குப் போனேன். ரயில் யார்டைத் தாண்டி ஒரு சந்து. பாதி ஷட்டர் இறக்கிய ஒரு கடையில், கதவில்லாத ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு முன்னால் தபன்தா தரையில் உட்கார்ந்திருந்தார். “வாங்க தீதி, காகிதம் ஏதாவது கொண்டுவந்தீங்களா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிக்கைப் பற்றிச் சொன்னேன். இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன் என்பதையும் சொன்னேன்.

“தெரியுமே தீதி, உங்க படிவத்தை அன்னைக்கே போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தேன்” என்றார். எனக்காகத்தான் காட்டாமல் இருந்தாரோ என்று, வெட்கமில்லாமல், ஒரு நிமிடம் நெஞ்சு நெகிழ்ந்துபோனேன். ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “காட்டாம என்ன? நீட்டினேன். ‘முதல்ல போனை உள்ள வை’ன்னார் மேனேஜர்.”

குளிர்த் தொழிலில் முப்பத்திரண்டு வருடம் இருந்ததற்காக எனக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள்; தபன்தா சாந்த்ராகாச்சியில் பழைய ஃபிரிட்ஜ்களைப் பழுது பார்க்கிறார்.