நிலம் நடுங்கும் காரணமும் ஏழாம் நம்பர் மிஷினும்

சங்கிலிப்பாண்டி இறந்த முப்பதாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்குப் படத்திறப்பு வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவரை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடாதவர்கள்தான் வைத்தார்கள். வாசலில் கட்டிய பிளெக்ஸில் அவர் தலையைச் சுற்றி ஒளிவட்டம். கீழே ஓர் ஓலையின் படம். பூகம்பத்தை முன்கூட்டியே உரைத்த சுவடியைக் காத்த மகான் என்று எழுதியிருந்தது.

மகள் முனீஸ்வரி பஸ்ஸை விட்டு இறங்கி அதைப் படித்தாள். அணைக்கட்டுகளில் நில அதிர்வுக் கருவி பொருத்துவது அவள் வேலை. பூகம்பத்தை நாள் குறித்துச் சொல்ல எவனாலும் முடியாது என்று அவளுக்கு முதலில் சொன்னதே அந்த ஒளிவட்டத்துக்குள் இருந்தவர்தான்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்துநாலு வருஷம் பிட்டர். பேரிங் சத்தத்தைக் கேட்டே இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார். சொன்னபடி நடக்கும். ஆனாலும் நிர்வாகம் கேட்காது. இரும்பு பொறுக்கப் பழைய இரும்புக் கடைக்குப் போன ஒரு நாள், தராசு ஆடாமலிருக்க அதன் காலடியில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டை முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்ததாம். அளவாக ஒரு தகட்டை வெட்டி அந்த இடத்தில் வைத்துவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒருவரும் அன்று அதைத் தேடி வரவில்லை.

பழைய எழுத்தில் புள்ளி கிடையாது, இடைவெளி கிடையாது. கை பழகினால் கண் பழகும் என்று, கூமாப்பட்டியிலிருந்து பனையோலை வரவழைத்து, எழுத்தாணியைத் தானே லேத்தில் கடைந்து, மனப்பாடமாகத் தெரிந்ததையெல்லாம் எழுதிப் பழகினார். விளக்குக்கரி தேய்த்து எழுத்தைத் துலக்கினார். மூன்று வருஷம் கழித்துச் சுவடியைப் படித்தார்.

நிலம் நடுங்கும் காரணங்களை அது வரிசையாகச் சொன்னது. பூமிக்குள் அடைபட்ட காற்று, பாறைக்கு அடியில் எரியும் கந்தகம், குகை நீர். பூமியைத் தாங்கும் திசை யானைகள் அசைவதால்தான் என்பவர்களை அது ஒரே கேள்வியில் முடித்திருந்தது: தெற்கு யானை அசைந்தால் வடக்குச் சுவர் ஏன் விழுகிறது? அந்தக் கேள்விக்காக அதை எழுதியவரைச் சங்கிலிப்பாண்டி மதித்தார். மற்றதையெல்லாம் நோட்டில் பெயர்த்து எழுதி, பக்கத்தில் "தவறு" என்று போட்டார். கடைசி ஓலையில், "கேட்டதை எழுதினேன், கண்டவர் திருத்துக" என்றிருந்தது. அதற்குக் கீழே நோட்டில், "முயல்கிறேன். ச.பா."

முயன்றார். வீட்டுக்குள் தூக்குக்குண்டு கட்டி, அது ஆடிய நாளையெல்லாம் குறித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பது தடவை. எட்டு, கல் குவாரி வெடி. ஒன்று, எதிர்வீட்டு மருமகனின் புல்லட். சுவடியும் நோட்டும் சேர்ந்து சென்னையில் ஒரு சுவடி நூலகத்துக்குப் போக வேண்டும், ஒன்றைவிட்டு ஒன்றைக் கொடுக்காதே என்று ஆஸ்பத்திரியில் மகளிடம் சொன்னார்.

மகள் லீவு முடிந்து போனதும் ரத்தினம் வந்திருக்கிறார். வக்கீல், ஏதோ ஓர் அறக்கட்டளைக்குத் தலைவர். தமிழை மேடையில் மட்டும் நேசிப்பவர். படம் எடுக்க ஓர் ஓலை கேட்டிருக்கிறார். சங்கிலிப்பாண்டியின் மனைவி முத்துப்பேச்சி, பெட்டியில் மேலாகக் கிடந்ததைப் புருஷனின் நினைவாகக் கண்ணில் ஒற்றிக் கொடுத்திருக்கிறாள். கட்டு முழுவதையும் மேடையில் ஒப்படைப்பதாகவும் தலையாட்டியிருக்கிறாள். நோட்டை அவர் கேட்கவே இல்லை. இது அத்தனையும் மண்டபத்துக்குள் வந்த பிறகுதான் முனீஸ்வரிக்குத் தெரிந்தது. அம்மாவின் மடியில் ஒயர் கூடை, அதற்குள் கட்டு.

"இத வச்சு ஊர ஏமாத்தப் போறாவம்மா. அய்யா பேர்ல."

"ஏட்டி, உங்கய்யாவுக்கு ஒருத்தரும் ஒரு மாலை போட்டதில்ல. எதுக்கோ போட்டுட்டுப் போறாவ. செத்த நேரம் வாயத் தொறக்காம இரு."

அம்மா சொன்னதும் உண்மைதான்.

ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேருக்கும் சங்கிலிப்பாண்டி நெருங்கிய நண்பர். அவர்களில் இருவர் அவர் பெயரையே மாற்றிச் சொன்னார்கள். ஓலையைத் தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் அப்பி, சூடம் காட்டினார்கள். அடுத்த பூகம்பத்தின் நாள் இதில் மறைபொருளாக இருக்கிறது, தன் ஆட்கள் அதை விடுவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் ரத்தினம். அப்புறம் சுவடிக் கட்டை ஒப்படைக்கக் குடும்பத்தாரை அழைத்தார்.

முனீஸ்வரி கூடையோடு ஏறினாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். படிக்க அவளுக்கும் அய்யா கற்றுக்கொடுத்திருந்தார். இரண்டு தடவை படித்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

"ஏழாம் நம்பர் மிஷின். சனிக்கிழமைதோறும் கிரீஸ் வைக்க. இடப்பக்க பேரிங் போய்விட்டது. மூன்று தடவை சொல்லியாயிற்று. மாற்றவில்லை."

எங்கய்யா எழுதிப் பழகிய ஓலை இது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ரத்தினம் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"பாத்துக்கிடுங்க. மிஷின் வரும், அதுக்கு நம்பர் போடுவாங்கன்னு அந்தக் காலத்திலயே நம்ம முன்னோர் எழுதி வச்சிருக்காங்க."

கை தட்டினார்கள். முன்வரிசை எழுந்து நின்று தட்டியது.

அந்தச் சத்தத்தின் நடுவே முத்துப்பேச்சி மேடைப்படியில் ஏறி வந்தாள். புருஷனின் வலக்கை மோதிர விரலில் பாதியைத் தின்றது ஏழாம் நம்பர் மிஷின். தாம்பாளத்திலிருந்து ஓலையை எடுத்து, சேலை முந்தியால் சந்தனத்தைத் துடைத்தாள்.

"இது முன்னோரு எழுதல. எம் புருசன் எழுதுனது."

மைக்கில் சொல்லாததால் ரத்தினத்துக்கும் மகளுக்கும் மட்டுமே கேட்டது. மாலை போட்ட படத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளிடம், "கூடையத் தூக்கு. பஸ்ஸு போயிரும்."

கை தட்டல் ஓய்வதற்குள் இருவரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கூடை முனீஸ்வரியின் மடியில், ஓலை அம்மாவின் கையில். ஊர் எல்லை தாண்டியதும் முத்துப்பேச்சி கேட்டாள்.

"அந்தப் பேரிங்கக் கடைசியில மாத்துனாவளா?"

"இல்லம்மா. அய்யா ரிட்டயர் ஆன மறுவருசம் மிஷினயே எடைக்குப் போட்டுட்டாவ."