திங்கட்கிழமையின் முதல் பிரேக்

எங்கள் வீட்டில் ஒரே கார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நான் ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். மற்ற நாள்களில் என் மனைவி எங்கள் ஊரான அசாம் ஜாவாவிலிருந்து ரவாங்கிலுள்ள தொழிற்சாலை அலுவலகத்துக்கு ஓட்டிப் போவாள். என் வேலை பக்கத்திலேயே, மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன். ஆக, கார் யாருடையது என்றால் அவளுடையது என்பதுதான் நியாயமான பதில். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு செட் பிரேக் பேட் தேவைப்பட்டது.

போன முறை டிராக்கில் ஆறாவது சுற்றில் பிரேக் கொதித்துப்போய், மிதித்தும் பிடிக்காமல், கார் புல்வெளிக்குள் போய் நின்றது. நான் தப்பித்தேன், மானம்தான் தப்பவில்லை. கூட ஓட்டியவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கடுப்போடுதான் தஞ்சோங் காராங்கில் பட்டறை வைத்திருக்கும் மச்சானிடம் போனேன். மனைவியின் தம்பி.

அவன் மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தான். ஒன்று முழு ரேஸ் பேட். எவ்வளவு கொதித்தாலும் பிடிக்கும், ஆனால் சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது. இன்னொன்று டிராக்குக்கும் சாலைக்கும் பொதுவானது. காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கும், ஆனால் டிராக்கில் நான்கு சுற்றுக்கு ஒருமுறை ஆறவிட வேண்டும். இரண்டாவதை என் பக்கம் தள்ளினான்.

“அக்கா ஓட்டுற காரு மாமா.”

அடுத்த ஞாயிறு டிராக் முடிந்ததும் கழற்றி மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி ரேஸ் பேட்டை எடுத்தேன். குளியலறை பல்பை மாற்ற மூன்று மாதம் எடுத்துக்கொண்டவன் நான். அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் மாட்டிக் கொடுத்தான்.

புது பேட்டைப் பழக்க வேண்டும். வேகமாகப் போய் அழுத்தி, முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படிப் பத்துத் தடவை. பிறகு ஆறும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டோடு நிறுத்தி பெடலை மிதித்தபடி இருந்தால் பேட் சக்கரத்து டிஸ்க்கில் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும் என்று மச்சான் இரண்டு முறை சொன்னான். நானும் ஆளில்லாத தோட்டத்துச் சாலையில் பத்துத் தடவையும் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் முச்சந்தியில் முனீஸ்வரன் கோவில் வந்தது.

எங்கள் குடும்பத்தில் காருக்கு வைப்பர் மாற்றினால்கூட எலுமிச்சம்பழம் நசுக்காமல் வீடு சேர மாட்டோம். கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது. பூசாரி நான்கு டயருக்கடியிலும் பழம் வைத்தார். கொஞ்சம் சரிவான இடம், நன்றாக மிதித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, ஆற அமரப் பாடிக் கற்பூரம் காட்டினார். நானும் பக்தியோடு மிதித்துக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வந்தது. சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வீடு சேர்வதற்குள், பிரேக்கைத் தொட்டாலே ஸ்டியரிங் கைக்குள் ஆடியது. மனைவி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு சாவியை என் கையில் வைத்தாள்.

“நாளைக்கு நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து வரேன்.”

எனக்குக் கோபம். சின்ன ஆட்டம்தானே என்று முணுமுணுத்துக்கொண்டு அரைநாள் விடுப்பு எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெரிய சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்தில், முன்னால் போன, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குலை ஏற்றிய லோரி சட்டென்று நின்றது. மிதித்தேன். பேட் இன்னும் சூடேறவில்லை; பெடல் கல்லாக இருந்தது, கார் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன். லோரியின் பின்னால் துருத்திக்கொண்டிருந்த இரும்புக் கம்பி அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தபோது கார் நின்றது.

அவள் குனிந்து பெடலின்மேல் இருந்த என் இரண்டு கால்களையும் பார்த்தாள்.

“நான் மிதிச்சா நின்னிருக்குமாங்க?”

பதில் எனக்குத் தெரியும்.

அவளை ஊர்ந்து ஊர்ந்து ரவாங்கில் விட்டுவிட்டு, அப்படியே மச்சானிடம் போனேன். கிண்டல் செய்வான் என்று பயந்தேன். அவன் அந்த இரண்டாவது பெட்டியை மேசைக்கடியிலிருந்து எடுத்தான்.

“யாருக்கும் விக்கல மாமா. வருவீங்கன்னு தெரியும் லா.”

டிஸ்க்கையும் லேத்தில் கடைந்து சரிசெய்து மாட்டினான். அன்று சொல்ல வராத நன்றியை இங்கே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு, சாவியைத் திருப்பிக் கொடுத்த அவளுக்கு, அவ்வளவு நீளமாகப் பாடிய பூசாரிக்கும்தான். அவர் சுருக்கமாக முடித்திருந்தால் ஸ்டியரிங் ஆடியிருக்காது, அந்தத் திங்கட்கிழமை அவள் தனியாகத்தான் போயிருப்பாள்.

புது பேட்டை நன்றாக ஆறவிட்ட பிறகே கோவிலுக்குப் போனோம். இம்முறை கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டேன். பூசாரி ஒரு மாதிரிதான் பார்த்தார். டிராக்கில் இப்போது எல்லோரும் என்னை முந்திப் போகிறார்கள். போகட்டும்.

கோவிலுக்குப் போன மறுநாள் காலை அவள் காரை எடுத்தாள். நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலடி நகர்ந்ததும் ஒற்றைக் காலால் மிதித்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

“நின்னுச்சுங்க.”