பதினொன்று நாற்பதுக்கு வந்த அய்யாக்குட்டி அண்ணாச்சி

நம்பாதவர்கள் ஜெபஸ்டினிடமே கேட்கலாம். குற்றாலம் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறான். நடந்ததை நடந்தபடி சொல்லுவான். ஆனால் முகம் பார்த்துச் சொல்ல மாட்டான்.

அய்யாக்குட்டி அவனுக்குத் தினசரி வாடிக்கை. கைநடுக்கக்காரர். ஆறு வருடமாக எந்த மாத்திரைக்கும் நடுக்கம் கேட்கவில்லை. பாதி டீ சட்டையில்தான் போகும். ஒருநாள் கடையில் கூட்டம். ஜெபஸ்டின் அவரைப் போலவே கையை உதறி உதறி நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பினால், வாசலில் அவரே நிற்கிறார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். பிறகு வரவே இல்லை. மன்னிப்புக் கேட்க இவனுக்கும் வாய் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் 11.40. வெளியே சாரல். கடையில் யாருமில்லை. பால் கொதிக்கும் சத்தம் மட்டும்... நிமிர்ந்தால், எதிரே அய்யாக்குட்டி. தலை மொட்டை. நெற்றியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"வாங்க அண்ணாச்சி... பண்பொழி கோயில்ல மொட்டையா?"

"டீ போடுலே."

பழக்கத்தில் பாதி கிளாஸ்தான் ஊற்றினான்.

"நெறைய ஊத்துலே."

விளிம்பு வரை ஊற்றினான். அவர் எடுத்தார். கை ஆடவில்லை. ஒரு துளி சிந்தவில்லை. ஆவி பறக்கும் டீ... ஒரே மடக்கு.

வெறுங்கால். மழையில் வந்தவர். தரையில் ஈரத்தடம் இல்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

டக். கிளாஸ் மேசையில்.

ஆள் இல்லை.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு ஓடினான். பூட்டியிருந்தது. பத்து நாள் கழித்துத்தான் அவர் மனைவி கோமதி கதவைத் திறந்தாள்.

"மதுரையில மூளை ஆபரேசன் தம்பி. உள்ள கம்பி வச்சு, நெஞ்சுல பேட்டரி வச்சிருக்காவ. நடுக்கம் நின்னுட்டு."

"என்னைக்கு அக்கா?"

"போன வாரம் செவ்வாய். மொட்டை போட்டு, தல அசையாம நெத்தியில திருகாணியால வளையத்த முடுக்கி, முழிக்க வச்சே செஞ்சாவ. பதினொன்னு நாப்பதுக்குக் கரண்ட் குடுத்ததும் கை நின்னுட்டாம். அப்பம் இவிய என்னமோ சொன்னாவளாம்... 'நெறைய ஊத்துலே'ன்னு."

ஜெபஸ்டின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொன்னு கேளுங்க. முந்தின ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி குடுக்கல. வெளிய கொண்டாரும்போது நாக்கு பூரா கொப்புளம். கொதிக்கக் குடிச்ச மாதிரி. டாக்டருக்கே வெளங்கல... உள்ளதான் இருக்காவ, வாங்க."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

ஜெபஸ்டின் செருப்பைக் கழற்றினான்.

மறுபடி மாட்டிக்கொண்டு, வாசலோடு திரும்பிவிட்டான்.