மீட்டர் அக்கா போட்ட சைபர்

"இதுல அரை வருமா?" என்று கேட்டுவிட்டால், பதில் வரும்வரை மீட்டர் அக்கா விசைப்பலகையைத் தொடமாட்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேள்வி பக்கத்து மேசைக்காரருக்கு. புதிதாக வந்த இயந்திரத்தின் சூட்டைக் கண்காணிப்பில் சேர்க்கச் சொல்லி வந்தவர் அவர்.

"முப்பத்தெட்டு, நாப்பது, அப்படித்தான்க்கா வரும்."

"முப்பத்தெட்டரை வருமா, வராதா?"

"வரலாம்."

"வரலாம்னா வரும். தசமம்."

ஒரு பெரிய மருத்துவமனை, அதற்குப் பதினோரு கிளைகள். எல்லாவற்றையும் இணைக்கும் கம்பிகளும் பெட்டிகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் பிழைப்பு. நிமிடத்துக்கு ஒரு தடவை முந்நூறு இயந்திரங்கள் தங்கள் நிலவரத்தைச் சொல்லும். சொல்வதை எந்த வகையில் எழுதிவைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். முழு எண்ணா, தசமமா, வெறும் எழுத்தா? இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களை அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் கேட்பதில்லை.

அரை வருமா என்பது முதல் கேள்வி. "இது ஏறிக்கிட்டே போறதா, ஏறி இறங்குறதா?" என்பது அடுத்தது. போன வருடம் ஒருவர், ஒரு கம்பி வழியாக இதுவரை மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்ற கணக்கை அப்படியே கோடாக வரைந்துவிட்டு, "ஐயோ, மணிக்கு மணி கூடுதே, யாரோ உள்ள புகுந்துட்டாங்க" என்று ஊரைக் கூட்டிவிட்டார். அக்கா வந்து பார்த்தார். "உன் வயசும்தான் மணிக்கு மணி கூடுது. அதுக்கு போலீஸைக் கூப்பிடுவியா? முந்தின எண்ணைக் கழிச்சுப் பாரு" என்றார். அவ்வளவுதான், திருடன் ஓடிவிட்டான்.

கடைசிக் கேள்வி கொஞ்சம் குறும்பானது. "இது எண்ணா, எண் வேஷம் போட்ட பேரா?" இயந்திரங்களின் வரிசை எண்ணை முழு எண்ணாகப் போட்டால் முன்னால் இருக்கிற சைபர்கள் உதிர்ந்து, வேறு ஏதோ இயந்திரமாகிவிடும். "அதை யாராவது கூட்டுவாங்களா, கழிப்பாங்களா? பின்னே அது எப்படி எண்ணாகும்?"

வீட்டிலும் இதே பாடுதான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர், முழங்கால் "கொஞ்சம்" வலிக்கிறது என்றால் அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார். "கொஞ்சம்னா அது எழுத்து. நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு கூடுச்சுன்னு நான் எப்படிப் பார்க்கிறது? பத்துக்கு எத்தனை?" பாவம், அந்த மனிதர் இப்போது காலைத் தடவிக்கொண்டே, "பத்துக்கு ஆறரை" என்று சொல்லப் பழகிவிட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும். அக்காவுக்குச் சறுக்கியது ஒரு நகலில்.

ஆம்புலன்ஸ் அழைப்புகள் வந்து சேரும் மேசைக்குத் தனி இணைப்பு உண்டு. அதன் வழியே அனுப்புவதில் எவ்வளவு தொலைந்துபோகிறது என்று அளக்க, எட்டு மாதம் முன்பு கண்காணிப்பில் ஒரு புது அளவீட்டு வரிசை சேர்த்தார். வேலை நெருக்கடி. 'இணைப்பு உயிரோடு இருக்கிறதா' என்று ஏற்கெனவே இருந்த வரிசையை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார். அந்தப் பழைய வரிசைக்கு ஒன்று அல்லது சைபர்தான் வரும் என்பதால் அது முழு எண். நகலோடு அந்த முழு எண்ணும் வந்து ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு மட்டும் அக்கா யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அழைப்பு மேசையின் காலை ஷிஃப்டில் இருந்த அம்மாளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். "பேச்சை நடுநடுவுல முழுங்குது. மூணாவது மாடின்னு சொன்னா மாடி மட்டும்தான் காதுல விழுது" என்று எழுதிக் கொடுத்தார். மற்ற ஷிஃப்ட்காரர்கள் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சமாளித்துக்கொண்டிருந்தார்கள்; எழுதிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். மேலாளர் அக்காவிடம் இழப்பைக் காட்டும் கோடு கேட்டார். அக்கா அச்செடுத்து அனுப்பினார். ஆறு மாதமும் சைபர். அடியில் தன் கையாலேயே 'இழப்பு ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். "மெஷினுக்கு வயசாகாதும்மா, உங்களுக்குத்தான் ஆகுது" என்று மேலாளர் அந்த அம்மாளைப் பழைய கோப்புகள் இருக்கும் கீழ்த்தள அறைக்கு மாற்றினார்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு மத்தியானம் சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் அந்த மேசையின் கம்பியை அறுத்துவிட்டார்கள். அனுப்பியது அத்தனையும் தொலைந்தது. கோடு நூறுக்கு எகிற வேண்டும். அது ஒன்றில் போய் நின்றது.

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அனுப்பியது முழுக்கத் தொலைந்தால் கருவி ஒன்று என்கிறது. அப்படியானால் நூற்றுக்கு நாலு தொலைந்தால் 0.04 என்றல்லவா சொல்லியிருக்கும்? முழு எண்ணில் அதற்கு ஏது இடம்? புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டிவிட்டு, எட்டு மாதமாகச் சைபர் சைபர் என்று எழுதிவைத்திருக்கிறது.

கம்பியை ஒட்டவைத்ததும் வகையைத் தசமமாக மாற்றினார். ஒரு நிமிடத்தில் 0.04 வந்தது. அடுத்து 0.03. அப்புறம் 0.05. பழைய சைபர்கள் சைபர்களாகவே கிடந்தன. எழுதும்போது வெட்டிப் போட்டதை எந்த மந்திரவாதியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த அம்மாளுக்காகச் சாட்சி சொல்ல ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. அக்காவின் வாய் ஒன்றுதான் பாக்கி.

"அதான் சரி பண்ணியாச்சே, விடுங்க. கம்பி அறுந்ததுல வந்த கோளாறுன்னு முடிச்சுடலாம். உங்க பேரு எதுக்குக் கெடணும்?" என்றார் மேலாளர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவர் தயாராகவே இருந்தார். அக்காவுக்கும் ஒரு கணம் அது சௌகரியமாகத்தான் தோன்றியது. அந்த ஒரு கணத்துக்காக அவர் இன்னும் வெட்கப்படுகிறார்.

"கெட்டது என் பேரு இல்ல சார். அவங்க காதோட பேரு" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே நாலு வரி எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து அந்த அம்மாள் பழைய மேசைக்கே போகலாம் என்று உத்தரவு வந்தது. அதைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார்.

கீழ்த்தள அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். அருகே இன்னும் இரண்டு ஊழியர்கள். அக்கா உத்தரவை நீட்டி, வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னார்.

"என்னம்மா? சத்தமாச் சொல்லு."

அப்போதுதான் அக்கா பார்த்தார். அந்த அம்மாளின் வலது காதுக்குப் பின்னால் ஒரு கருவி, புதுசு.

"அந்தக் கோடு தப்பும்மா! நான்தான் தப்பா வெச்சேன்! நீங்க சொன்னதுதான் சரி!" அக்கா கத்திச் சொன்னார். மற்ற இருவரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். "உங்க காதுல ஒண்ணுமே இல்ல! தப்பு என்னோடது! மன்னிச்சிடுங்க!"

அந்த அம்மாள் உத்தரவை இரண்டு தடவை படித்தார். "வீட்டுல எல்லாரும் சொன்னாங்களேன்னு கடையில போய் வாங்கிட்டேம்மா. எம் பொண்ணு இப்பல்லாம் எங்கிட்ட கத்தித்தான் பேசுறா" என்றார்.

பிறகு எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கோப்பின் மேல் வைத்தார். நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. மெதுவாவே சொல்லு."