போனில் கொடுத்த பிடிமண்

புதூர்நாட்டில் முதல் ஜீப் வாங்கியவர் சடையன். மூன்றாம் வகுப்போடு நின்றவர். புளி மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறங்கிய காலத்திலும் ஒருத்தனிடமும் கைகட்டி நின்றதில்லை. பிள்ளையை இன்ஜினியராக்கி மெல்போர்னுக்கு அனுப்பிய தகப்பன் இந்த மலையில் வேறு எவன் இருக்கிறான், சொல்லட்டும் பார்க்கலாம். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு, கட்டிய மாடி வீட்டில் தான் ஒண்டியாக இருப்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

மகன் இளவரசன் ஊருக்கு வருவது ஆடியில்தான், குலசாமி வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்க. நாலு ஆடியாக அதுவும் இல்லை. ஆனால் மூன்று வயதுப் பேத்திக்கு முதல் மொட்டை பாக்கி இருந்தது. அது வேடியப்பன் எதிரில்தான் நடக்கவேண்டும். அந்த முடி வளர வளர, மகன் வந்தே தீருவான் என்று சடையனின் நம்பிக்கையும் வளர்ந்தது.

சித்திரையில் இளவரசன் வீடியோவில் கூப்பிட்டான்.

“ப்பா, இங்க தமிழாளுங்க சேர்ந்து ஒரு ஷெட்டுல கோயில் வெச்சிருக்கோம். அவங்கவங்க குலசாமிக்கு ஒரு கல்லு. வேடியப்பனுக்கும் எடம் குடுத்துட்டாங்க. நீதான் பிடிமண் குடுக்கணும்.”

சாமி வேறு ஊரில் குடியேற வேண்டுமானால், மூல இடத்து மண்ணில் ஒரு பிடியை வம்சத்தில் மூத்தவர் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

“வந்து வாங்கிக்கோ.”

“ஏர்போர்ட்ல மண்ண உள்ள வுடமாட்டாம்ப்பா. நீ போன்ல குடு. இங்க ஐயரு வெச்சி வாங்கிக்கறேன்.”

“எந்தூரு ஐயரு?”

“குண்டூரு. மந்திரம் சொல்லிச் செய்வாரு. கெடா மட்டும் கூடாது, பூசணிக்காதான்.”

“வேட்டைக்குப் போற சாமிக்குப் பூசணிக்காயா? இன்னாடா சொல்ற!”

“உனக்கு இஷ்டமில்லனா வேணாம்ப்பா. பாப்பாவுக்கு இங்க போடறதா இருந்த மொட்டையும் போடல.”

திரையில் அவன் பக்கத்தில் பேத்தி, கண்ணில் விழுந்த முடியை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“சனிக்கெழம குடுக்கறேன்” என்றார் சடையன்.

சனிக்கிழமை காலை பங்காளி மகன் அருணகிரி போனைப் பிடித்துக்கொண்டான். சடையன் குளித்த ஈரத்தோடு வேடியப்பன் கல்லின் அடியில் மண்ணெடுத்து நீட்டினார். அங்கே இளவரசன் ஒரு தட்டை நீட்டினான். அதில் கடையில் வாங்கிய பூந்தொட்டி மண் இருந்தது.

“குடுத்தேன்டா.”

“வாங்கிக்கிட்டேம்ப்பா.”

“அப்ப ஆடிக்கு?”

“சாமிதான் இங்க வந்துட்டாரேப்பா.”

பிறகு அங்கே எல்லாரும் மொட்டைக்கு நகர்ந்தார்கள். போனை எங்கோ வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, தகரக் கூரை மட்டும் தெரிந்தது. குழந்தையின் அழுகையும் பெரியவர்களின் சிரிப்பும் கேட்டன. லைன் அறுந்தது.

“பெரிப்பா, மண்ண போட்டுட்டு வாங்க, போலாம்.”

“குடுத்த மண்ண எப்பிடிடா திரும்ப வெக்கறது? நீ ஜீப்ப எடுத்துனு போ. நான் நடந்து வர்றேன்.”

மூடிய கையோடு நடந்தார். டீக்கடையில் ராஜாக்கண்ணு வம்புக்கு இழுத்தான்.

“இன்னா மாமா, கையில புதையலா?”

“எங்க சாமி ஃபாரினுக்குப் போயிருக்குதுடா. உங்க சாமி மலைக்குக் கீழ செங்கத்தத் தாண்டியிருக்குதா?”

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு நடந்தார்.

இடக்கையால் பூட்டைத் திறந்து உள்ளே போனார். வலக்கையை நீட்டியபடி கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். வாங்கிக்கொள்ள வீட்டில் ஆளில்லை.